தேறாத 21 பீஸை எந்தத் தலைப்பில் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ராணுவத் தளவாட உற்பத்திக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடம் பற்றி அரைப் பக்கத்துக்குச் செய்தி வந்திருந்தது. சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு மத்திய அரசு கோடிக்கணக்கில் உதவித்தொகை தருகிறது, ஓசூர்க்காரர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். பயன்படுத்திக்கொண்டவர்களில் நானும் ஒருவன். நேராக இல்லை, பக்கவாட்டில். அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும். இடமில்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஸ்கிராப், அதாவது தேறாமல் போன பீஸ்கள் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா தக்காளியும் கேழ்வரகும் போட்டார். நான் 1991-இல் கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறினேன். அப்போது கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே தருமபுரி மாவட்டம்தான், 2004-இல்தான் பிரித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் அடுத்தவர் லேத்தில் நின்றேன். அப்புறம் ஒரு பழைய மெஷினை வாங்கிப் போட்டுச் சொந்தமாக ஆரம்பித்தேன். இப்போது கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைக் குடையும் விஎம்சி மெஷின் மூன்று, ஒரு சிஎன்சி லேத், ஒன்பது பேர். டூவீலருக்கும் லாரிக்கும் போகிற பிராக்கெட், புஷ், பிளேட் ஜாப் ஒர்க்தான் எங்களுக்குச் சோறு போடுவது. பட்டறைக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். இரண்டு வருடமாக ஒடியாவும் சேர்ந்திருக்கிறது. திட்டுவதற்கு மட்டும் எல்லோரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

விமானம் என்றதும் என்னவோ புதிதாக வந்தது போல எழுதுகிறார்கள். தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. தொண்ணூறுகளில் இத்தாலி நாட்டு வடிவமைப்பில் ஆறு பேர் உட்காரும் பார்டெனாவியா விமானங்களை அங்கேயே செய்தார்கள். இதை என் ஆபரேட்டர் பையன்களிடம் சொன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். 2019 ஜனவரியில் திருச்சியில் வழித்தடத்தைத் தொடங்கிவைத்தபோது சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரையும் ஒரு முனையாகச் சேர்த்தார்கள். சேர்த்ததில் நியாயம் இருக்கிறது. எழுபதுகளில் சிப்காட் வந்த நாளிலிருந்து மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கிற கைகள் இங்கே இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு காவேரிப்பட்டணத்துப் பெண் ஒருவர் கையில் ஒரு டிராயிங்கோடு பட்டறைக்கு வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கூடப் படித்த நண்பரோடு சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி தொடங்கியிருந்தார். மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித் திட்டம் ஒன்றில் அவர்கள் தேர்வாகியிருந்தார்கள். அது எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. செய்ய வேண்டியது ஆளில்லாச் சிறு விமானத்தின் வயிற்றில் தொங்கும் கேமராவுக்கான ஹவுசிங், அதாவது வெளிக்கூடு. ஏற்கெனவே நான்கு பட்டறைகள் முடியாது என்று அனுப்பியிருந்தன.

"அண்ணா, உங்களால் முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஏன் முடியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். முப்பது வருடத்தில் எந்த கஸ்டமரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதற்காகவே எடுத்துக்கொண்டேன்.

டிராயிங்கைப் பார்த்தால் எளிய ஜாப் போலத்தான் தெரியும். 7075 ரக அலுமினியம். 140 மில்லிமீட்டர் நீளம், 110 அகலம், 60 உயரம் உள்ள கட்டியிலிருந்து குடைந்தெடுக்க வேண்டும். கட்டியின் எடை 2.6 கிலோ. முடித்த ஹவுசிங் 210 கிராம். மீதியெல்லாம் சுருள் சுருளாகத் தொட்டிக்குப் போய்விடும். சுவரின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். அடிப்பக்கம் 0.05 மில்லிமீட்டருக்குள் சமதளமாக இருக்க வேண்டும். கேமரா அதன்மேல் உட்காருவதால் தளம் சாய்ந்தால் படமும் சாயும்.

முதல் பீஸை மெஷின்மேல் வைத்தே டயல் கேஜ் போட்டு அளந்து பார்த்தோம். அருமையாக வந்திருந்தது. கிளாம்பைக் கழற்றினோம். அடுத்த நாள் காலையில் சமதளம் பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துத் தொட்டால் கால் நொண்டும் ஸ்டூல் மாதிரி ஆடுகிறது. 0.28 வளைவு. மெஷினில் கோளாறோ என்று அதைச் சரிபார்த்தோம். டூலை மாற்றினோம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாமே அதே கதை.

படிக்கிறவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டும். பச்சை மரத்தில் கதவு செய்தால் காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அலுமினியத்துக்கும் அப்படி ஒரு குணம் உண்டு. தகட்டை உருட்டி, சூடாக்கி, சட்டென்று குளிரவைக்கும்போது உள்ளே இழுவிசை தங்கிவிடுகிறது. கட்டியாக இருக்கும்வரை ஒரு பக்கத்து இழுப்பை மறுபக்கம் தாங்கிக்கொள்கிறது. நாம் ஒரு பக்கத்தைக் குடைந்து எடுத்ததும் மிச்சம் இருப்பது தன் போக்கில் வளைகிறது. இதற்காகவே குளிரவைத்த தகட்டைக் கொஞ்சம் இழுத்து நீட்டி உள்ளிருக்கும் விசையைத் தணித்து விற்கிறார்கள். டி7351 என்று அதற்கு ஒரு குறியீடு. நாங்கள் முதலில் வாங்கியது அப்படித் தணிக்காத சாதாரண டி6, டீலரிடம் இருந்தது அதுதான். ஒன்பது பீஸ் போன பிறகுதான் மெட்டீரியலை மாற்றினோம். சின்ன அளவில் கேட்டால் டீலர்கள் முகம் கொடுத்தே பேசுவதில்லை, அது ஒரு தனிக் கதை.

மாற்றியும் 0.11 வந்தது. அப்புறம் மெஷினில் ஜாப்பைப் பொருத்திக் கொடுக்கும் என் செட்டர் ஒரு யோசனை சொன்னார். தேன்கனிக்கோட்டைக்காரர், படித்தது எட்டாம் வகுப்பு. "ஒரே மூச்சில் முடிக்காமல், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து, கழற்றிப் போட்டுவிடலாம். ராத்திரி முழுக்க அது தன் இஷ்டத்துக்கு வளையட்டும். காலையில் லூசாகப் பிடித்து மிச்சத்தை எடுக்கலாம்" என்றார். கிளாம்பை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு டார்க் ரெஞ்ச் வைத்துக் கணக்கு எழுதினோம். வெட்டு ஆழத்தை 0.3-க்குக் குறைத்தோம். 21-ஆவது பீஸ் 0.04-இல் நின்றது. அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் பிரியாணி.

அதையும் சேர்த்து அதிலிருந்து செய்த ஒன்பதில் எட்டு தேறியது. ஒன்று போனது ஆராய்ச்சியால் இல்லை. நைட் ஷிப்ட் பையன் டூல் எங்கே நிற்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் ஆஃப்செட் அளவைத் தப்பாகப் போட்டுவிட்டான். அதை என் நஷ்டத்தில் எழுதிக்கொண்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எது தவறு, எது தேடல் என்று பிரித்துப் பார்க்கப் பட்டறைக்காரனுக்குத் தெரியும் என்பதற்காக.

தேறாத 21 பீஸையும் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரில் நம்பர், தேதி, எவ்வளவு வளைவு, என்ன மாற்றினோம் என்று எழுதியிருக்கும். எங்கள் ஆராய்ச்சி அறிக்கை என்று கேட்டால் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன்.

உதவித்தொகை தவணை தவணையாக வரும். ஒரு தவணைக்குக் கணக்கு ஒப்படைத்தால்தான் அடுத்தது. பயன்பாட்டுச் சான்றிதழ் என்று ஒரு படிவம், ஆடிட்டர் கையெழுத்து, அப்புறம் நேரில் வந்து பார்ப்பது. கணக்குப் பார்க்க வந்தவர் தன்மையான மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். டீ குடித்துக்கொண்டே பில்களைப் புரட்டினார். "29 பிளாக் வாங்கியிருக்கிறீர்கள். கொடுத்தது எட்டு. மீதி 21 எங்கே?" என்றார்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து ஆட்டிக் காட்டினோம். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் படிவத்துக்குப் புரியவில்லை. மூலப்பொருள் என்று ஒரு தலைப்பு, மெஷின் வாடகை என்று ஒரு தலைப்பு, பயணம், ஆலோசனை, சம்பளம் எல்லாம் இருக்கிறது. ஆலோசனைக்கு எத்தனை லட்சம் எழுதினாலும் ரசீது இருந்தால் போதும். செய்து பார்த்துத் தேறாமல் போனதை எழுத மட்டும் இடமில்லை. வேஸ்டேஜ் என்று எழுதுங்கள் என்றார். எழுதினோம். நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வேஸ்டேஜ் அளவுக்கு அதிகமாக இருக்கிறது, ஏற்க இயலாது, அந்தத் தொகை கழிக்கப்படுகிறது என்று.

கணக்கைச் சொல்கிறேன். ஆபரேட்டர் தவறை விட்டுவிட்டு மீதி 20 பீஸுக்கு மெட்டீரியல் சுமார் 60,000 ரூபாய். ஒரு பீஸுக்குச் சராசரியாக எட்டு மணி நேரம், மணிக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 80,000. ஆக 1,40,000. கோடிகளில் பேசுகிற திட்டத்துக்கு இது தூசு. அந்தப் பெண்ணின் கம்பெனிக்கு இரண்டு மாதச் சம்பளம். எனக்கு ஒரு விஎம்சியின் இரண்டு மாதத் தவணை. நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், கம்பெனியை மூடியும் இருப்பார். அந்த இரண்டு மாதமும் ராத்திரி ஷிப்ட் முழுக்க லாரி பிராக்கெட் ஓட்டிச் சமாளித்தேன்.

பணத்தைவிட என்னை உறுத்துவது வேறு. சென்ற வருடம் மருத்துவக் கருவி ஒன்றுக்கு மெல்லிய அலுமினியத் தட்டு கேட்டு ஒரு ஜாப் வந்தது. பழைய பெட்டியில் கற்றதை வைத்து முதல் பீஸிலேயே தேற்றினோம். அரசு பணம் கொடுத்து நாட்டுக்குள் உண்டாகிற அறிவு என்பது இதுதானே? ஆனால் அரசின் காகிதத்தில் அந்த 20 பீஸும் கவனக்குறைவால் வீணானவை. காகிதம் இப்படி இருந்தால் அடுத்த முறை என்ன நடக்கும்? புத்திசாலிப் பசங்கள் 20 பீஸ் போகிற வேலைக்கு விண்ணப்பிக்கவே மாட்டார்கள். ஏற்கெனவே செய்து முடித்த ஒன்றைப் புது ஆராய்ச்சி என்று காட்டிப் பணம் வாங்குவார்கள். எல்லாக் கணக்கும் சுத்தமாக இருக்கும்.

என் அக்கா பையன் அமெரிக்காவில் இதே துறையில் இருக்கிறான். போனில் புலம்பியபோது அங்கே எப்படி என்று சொன்னான். 1982-இல் ரீகன் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டம். வெளியாருக்குக் கொடுத்து ஆராய்ச்சி செய்யும் செலவு வருடத்துக்கு 10 கோடி டாலரைத் தாண்டும் ஒவ்வொரு அரசுத் துறையும் அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கென்று ஒதுக்க வேண்டும். ராணுவத் துறை, நாசா எல்லாம் இதில் அடக்கம். முதல் கட்டத்தில் சின்னத் தொகை, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். கேள்வி ஒன்றுதான்: இது நடக்குமா, நடக்காதா? நடக்காது என்று ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தாலும் அது வேலைதான். நடக்கும் என்றால் இரண்டாம் கட்டத்தில் பெரிய தொகை. மூன்றாவதில் அந்தத் துறையே மறுபடி போட்டி டெண்டர் வைக்காமல் அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். இன்று நம் போன்களுக்குள் இருக்கிற சிப்பைச் செய்கிற குவால்காம்கூடத் தன் ஆரம்ப காலத்தில் இந்தப் பணத்தை வாங்கியிருக்கிறது. அங்கேயும் கோளாறு உண்டாம். எதையும் விற்காமல் இந்த உதவித்தொகையை மட்டும் வருடா வருடம் வாங்கியே பிழைக்கிற கம்பெனிகள் இருக்கின்றன என்று அங்கேயே திட்டுகிறார்கள். எல்லா ஊரிலும் கெட்டிக்காரர்கள் இருப்பார்கள்.

நம்மிடம் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2018 ஏப்ரலில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில் ராணுவத்துக்கான புதுமைகளுக்கு உதவும் ஐடெக்ஸ் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். மாதிரி செய்ய ஒன்றரைக் கோடி வரை, அதிலேயே பிரைம் என்ற பிரிவில் 10 கோடி வரை, பிறகு வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ நடத்துகிற தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியில் 10 கோடியாக இருந்த உச்சவரம்பை 2022-இல் 50 கோடியாக ஏற்றினார்கள். இதையெல்லாம் நான் மனதார வரவேற்கிறேன். ஐடெக்ஸ் மாதிரியான திட்டங்களில் அரசு பாதி போட்டால் மீதிப் பாதியை நாம் போட வேண்டும். பொருள் விற்கும் என்று தெரிந்த கட்டத்தில் அது நியாயம். நடக்குமா என்றே தெரியாத முதல் ஆறு மாதத்துக்கும் அதையே கேட்டால், பாதிப் பணத்துக்கு அப்பா வீட்டு நிலம்தான் போக வேண்டும்.

அதனால் நான் கேட்பது பெரிய தொகை இல்லை. ஒரு ஐந்து லட்சமோ பத்து லட்சமோ, நம் பங்கு எதுவும் கேட்காத முதல் தவணை. அதற்கான படிவத்தில் "செய்து பார்த்துத் தேறாதவை" என்று ஒரு வரி. ஒவ்வொரு பீஸுக்கும் போட்டோ, அளவு எடுத்த ரிப்போர்ட், என்ன மாற்றினோம் என்ற குறிப்பு மூன்றும் கேளுங்கள், கொடுக்கிறோம். ஏமாற்றிவிடுவார்கள் என்று பயந்தால் பெட்டியையே எடுத்துப் போய் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு அலமாரி போதும். அடுத்து வருகிறவன் அதைப் பார்த்து முதல் ஒன்பது பீஸையாவது மிச்சப்படுத்துவான். டி6-ஐ வாங்காதே என்று அந்தப் பெட்டி சொல்லிவிடும்.

சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராணுவக் கருவிகளுக்கு ஜேஎஸ்எஸ் 55555 என்று ஒரு தரநிலை உண்டு. எழுத்துப் பிழை இல்லை, ஐந்து ஐந்துகள்தான். குலுக்கிப் பார்ப்பது, சூடாக்கிப் பார்ப்பது, குளிரவைப்பது, தூசி, மழை, உப்புக்காற்று எல்லாம் அதில் இருக்கிறது. அதற்காக அந்தப் பெண்ணும் நண்பரும் ஹவுசிங்கை மடியில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி டிராஃபிக்கைத் தாண்டி எத்தனை முறை பெங்களூர் போய்வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை லேப் தேதிக்காக ஏழு வாரம் காத்திருந்தார்கள். இந்த வசதிகளை ஏற்படுத்த 2020-இல் 400 கோடியில் ஒரு மத்திய திட்டம் அறிவித்தார்கள், 75 சதவீதம் வரை அரசு தரும் என்றார்கள். நமக்கு வேண்டியது அவ்வளவு பெரியதுகூட இல்லை. ஒரு குலுக்கு மேசை, ஒரு வெப்ப அறை, மணிக்கு இவ்வளவு வாடகை என்று ஓசூர் சிட்கோவில் ஒரு ஷெட்டில் போட்டால் போதும். மருந்தடித்த தோட்டத்து ரோஜாவைக் குளிர்பதன வண்டியில் வெளிநாட்டுக்கு அனுப்பத் தெரிந்த ஊர் இது, ஒரு ஷெட்டை நடத்தத் தெரியாதா?

களச் சோதனைக்குப் போகும்போது ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் ஒரு நிபந்தனை போடுகிறார்கள், என்சிஎன்சி. செலவை நாங்கள் தர மாட்டோம், வாங்குவோம் என்ற உறுதியும் கிடையாது என்று அர்த்தம். பெரிய கம்பெனிக்கு அது சம்பிரதாயம். இரண்டு பேர் கம்பெனிக்கு ரயில் டிக்கெட், லாட்ஜ், உதிரி பீஸ் எல்லாம் கைக்காசு. எட்டு பீஸில் இரண்டு அங்கேதான் போயிற்று. சோதனையில் தேறினால் ஐம்பது பீஸுக்காவது ஆர்டர் உண்டு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், வங்கி மேனேஜர் முகத்தைப் பார்த்துப் பேச எங்களுக்கும் ஒரு காகிதம் இருக்கும்.

ஹவுசிங் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். களச் சோதனையில் தேறிவிட்டது. ஆர்டர் இன்னும் வரவில்லை. அந்தப் பெண் இப்போதும் மாதம் ஒரு முறை பட்டறைக்கு வருவார். போன வாரம் வந்தபோது இன்னொரு டிராயிங் கொண்டுவந்தார். இந்த முறை டைட்டானியம். சூடு எங்கும் பரவாமல் டூல் முனையிலேயே நிற்கும், சுருள் தீப்பிடிக்கும், டூல் செலவு அலுமினியத்தைப் போலப் பல மடங்கு. எத்தனை பீஸ் போகும் என்று கேட்டார். செட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பெரியதாக ஒரு மரப்பெட்டிக்கு அளவு எடுக்கப் போய்விட்டார்.

கடைசியாக ஒன்று. என் பெயரும் பட்டறை முகவரியும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அது உங்கள் பார்வைக்கு மட்டும். கடிதத்தை வெளியிட்டால் ஓசூர் வாசகர் என்று மட்டும் போடுங்கள். அந்தப் பெண்ணுக்குக் கடைசித் தவணை இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் பட்டறை நடத்தும் ஒரு வாசகர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்